வெள்ளிக்கிழமைக்குத் திரும்பிப் போகிறவர்கள்

காலத்தில் பின்னால் போகிற டிவி தொடர்களை எனக்குப் பிடிக்காது. பிடிக்காது என்பது மரியாதைக்குச் சொல்வது. ஊதா வெளிச்சம் சுழன்று, ஆள் மறைந்து, அடுத்த காட்சியில் பழைய மாடல் கார்கள் ஓடும் தெருவில் வந்து விழுந்தான் என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டு வருஷமாகச் சனியும் ஞாயிறும் எங்கள் வீட்டு ஹாலில் அதுதான் ஓடுகிறது. போடுகிறவன் என் தம்பி. பார்ப்பவர்கள் அவனும் அம்மாவும். அம்மாவால் எழுந்து போக முடியாது, அதனால் அவள் பார்க்கிறாள் என்று சொல்வதும் சரியில்லை.

எல்லாம் வெளிநாட்டுத் தொடர்கள், தமிழில் குரல் கொடுத்தவை. ஒன்றில் ஆஸ்பத்திரி லிஃப்ட் காலத்தைக் கடக்கும். ஒன்றில் கிடங்கின் இரும்புக் கதவு. இன்னொன்றில் ஒரு பெண் விஞ்ஞானி கையில் ஊசி போட்டுக்கொண்டால் போதும், முப்பது வருஷம் பின்னால் போய்விடுவாள். அவளுக்குத் தமிழ் பேசுகிற அம்மணிதான் குக்கர் விளம்பரத்துக்கும் பேசுகிறாள். அந்தக் குரல் "நாம் இப்போது இறந்தகாலத்தில் இருக்கிறோம்" என்று நடுங்கும்போது மூன்று விசில் வந்ததும் இறக்கிவிடுங்கள் என்பாளோ என்று எனக்குத் தோன்றும். தம்பி சிரிக்க மாட்டான். அவனுக்கு அது விளையாட்டில்லை.

நான் கீழ்பென்னாத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். இந்தக் கதைகளின் மேல் எனக்குள்ள முதல் புகார் வாத்தியார் புகார்தான். பூமி ஓர் இடத்தில் நிற்பதில்லை. சூரியனைச் சுற்றுகிறது, சூரியனும் அதை இழுத்துக்கொண்டு எங்கோ போகிறது. நேற்று இதே நேரம் பூமி இருந்த இடத்தில் இன்றைக்கு ஒன்றும் கிடையாது. நேற்றைக்குப் போகிறவன் நேராக வெட்டவெளியில் போய்த்தான் மிதப்பான். இதை ஒருமுறை தம்பியிடம் சொன்னேன். கதையில் அதையெல்லாம் பார்க்கக் கூடாது என்றான். எதைப் பார்க்கணும், எதைப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்வது எப்போதும் அவன்தான்.

இரண்டாவது புகார், இவர்கள் போவதெல்லாம் பெரிய நாட்களுக்கு. யுத்தம் தொடங்கிய நாள், தலைவர் சுடப்பட்ட நாள், கப்பல் முழுகிய நாள். பஸ்ஸைத் தவறவிட்ட நாளுக்கு எவனும் போவதில்லை. எந்த நாளைத் திருத்த வேண்டும் என்பதில் அவர்களுக்குக் குழப்பமே வராது, பட்டனை அழுத்தினால் சரியாக அங்கே போய் நிற்பார்கள். எங்கள் வீட்டிலும் குழப்பம் கிடையாது. எந்த நாள் என்று சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அது ஒரு வெள்ளிக்கிழமை, பௌர்ணமி.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து இரண்டு தெரு உள்ளே. அப்பா போன பிறகு அம்மாவும் நானும் மட்டும். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி சென்னையில் கம்ப்யூட்டர் வேலை, மனைவி, குழந்தை என்று இருந்தான். அந்த வாரத் திங்கட்கிழமை காலையில் அம்மா காபி குடிக்கும்போது வலது கை மரத்துப்போய் டம்ளர் நழுவி விழுந்தது. கால் மணி நேரத்தில் கை சரியாகிவிட்டது. டவுனில் டாக்டரிடம் காட்டினேன். மாத்திரை எழுதிக் கொடுத்து, மூளைக்குப் போகிற ரத்தக் குழாயை ஸ்கேன் எடுக்கணும், வேலூரில் நரம்பு டாக்டரைச் சீக்கிரம் பாருங்கள் என்றார். சீக்கிரம் என்றால் எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. வேலூருக்கு போன் செய்தேன், வெள்ளிக்கிழமை வரச்சொன்னார்கள். போனை வைத்த பிறகுதான் கேலண்டரைப் பார்த்தேன்.

பௌர்ணமி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மலை சுற்றுகிற நாள். எங்களுக்கு அது வீட்டை விட்டு நகராத நாள். காய்கறியை முதல் நாளே வாங்கிவிடுவோம், கேஸ் தீர்ந்தாலும் அன்றைக்குக் கேட்க மாட்டோம். வெளியூர் பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள், பாதையில் ஆட்டோ விடமாட்டார்கள். கேலண்டரில் அந்த மாதம் பௌர்ணமி வெள்ளி பகலில் ஆரம்பித்துச் சனி பகலில் முடிவதாகப் போட்டிருந்தது. காலையில் கிளம்பி வேலூர் போய்விடலாம். சாயங்காலம் திரும்பினால் வேலூர் ரோட்டில் எங்கோ இறக்கிவிடுவார்கள், அங்கிருந்து மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற எங்கள் ஊருக்கு, கை மரத்துப்போகிற அம்மாவைக் கூட்டத்தோடு கூட்டமாக நடத்திக்கொண்டு வர வேண்டும். மறுபடி போன் செய்து திங்கட்கிழமைக்கு மாற்றிக்கொண்டேன். அம்மாவும் அதுதான் சரி என்றாள். எங்கள் தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்கள். வேலூரிலேயே ஒரு லாட்ஜில் தங்கியிருக்கலாமே என்று பிற்பாடு நிறைய பேர் கேட்டார்கள். அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை போனது. சனிக்கிழமை பத்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ், நான் கூட்டத்துக்குள் நடந்தே போய் பஸ் பிடித்துப் பள்ளிக்கூடம் போய்விட்டுச் சாயங்காலம் வந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா அப்படியே பக்கவாட்டில் சரிந்தாள். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. பாதை காலியாக இருந்தது, ஆம்புலன்ஸ் ஏழு நிமிஷத்தில் வந்தது. உயிர் தங்கியது. வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் போயின.

வேலூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள். முன்னாடியே கூட்டி வந்திருக்கக் கூடாதா என்று கேட்டாள். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமை வர வேண்டியது அத்தை, அக்காதான் டேட்டை மாத்திட்டா" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. நான்தான் மாற்றினேன். பக்கத்தில் அம்மாவின் துணிப்பையை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன், அதனால் என்னைத் தேடிப்பிடித்துப் பார்க்க வேண்டிய சிரமம்கூட அத்தைக்கு இல்லை.

அதிலிருந்து நான் போகிற இடமெல்லாம் அந்த வெள்ளிக்கிழமை எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் எதிர் இலைக்காரி அம்மா எப்படி இருக்கிறாள் என்று ஆரம்பித்து, அன்னைக்கே போயிருந்தா என்று முடிப்பாள். அத்தை அதைச் சொல்லாமல் ஒரு விசேஷமும் நடந்ததில்லை. இந்த அத்தை பௌர்ணமி என்று தன் சொந்த நாத்தனார் வீட்டு நிச்சயதார்த்தத்துக்கே வராதவள். சொல்லிக் காட்ட எனக்கு வாய் இல்லாமல் இல்லை. சொன்னால் அம்மாவைப் படுக்கையில் போட்டுவிட்டு வாயைப் பார் என்பார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம் தம்பி அந்தப் பெரிய டிவியைக் கொண்டுவந்து ஹால் சுவரில் மாட்டினான். அம்மாவுக்குப் பொழுது போகணுமாம். அம்மாவின் கட்டிலை அதற்கு எதிரே இழுத்துப் போட்டான். சனிக்கிழமை காலை சென்னையிலிருந்து வந்து இறங்குவான். அம்மாவுக்குப் போர்வையைச் சரிசெய்வான், கால் பிடித்துவிடுவான். பிறகு ரிமோட்டை எடுப்பான். முதல் நாளே லிஃப்ட் கதை. ஒருவன் திரும்பிப் போய், ஒரு பெண்ணை ஒரு காரில் ஏறவிடாமல் தடுக்கிறான். நான் சமையலறையில் துவையல் அரைத்துக்கொண்டு அதைக் கேட்டேன். இவன் யாருக்காக இதைப் போடுகிறான் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது, அல்லது புரிந்ததாக நினைத்தேன்.

வாராவாரம் ஒருவன் திரும்பிப் போனான். வாராவாரம் யாரோ ஒருத்தி தவறான நாளில் தவறான முடிவை எடுத்தாள். நான் ஹாலைக் கடந்து போகும்போதெல்லாம் தம்பி சத்தத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணுவான். அது எனக்கு இன்னும் ஆத்திரம். சொல்ல வேண்டியதை என் முகத்துக்கு நேராகச் சொல்லாமல், வெள்ளைக்காரனை விட்டுச் சொல்லவைக்கிறான் என்று வயிறு எரிந்தது. வகுப்பில் ஒரு பெண் எழுந்து, டீச்சர், பழைய காலத்துக்குப் போக முடியுமா என்று கேட்டாள். முடியாது என்றேன். நான் சொன்ன வேகத்தில் அந்தப் பெண் கேள்வியே கேட்காதவள் மாதிரி உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் அவளுக்காக ஒளியின் வேகம் பற்றி ஒரு பீரியட் முழுக்க எடுத்தேன், அவள் தலை நிமிரவில்லை.

இதற்கிடையில் அம்மா இந்தக் காலத்தில்தான் இருந்தாள். இடது கையால் இட்லியைப் பிய்க்கக் கற்றுக்கொண்டாள். மாத்திரையை நாக்குக்கு அடியில் பதுக்கி, நான் திரும்பியதும் தலையணை உறைக்குள் துப்பக் கற்றுக்கொண்டாள். அதை நான் கண்டுபிடித்த அன்று கோணல் வாயால் அப்படிச் சிரித்தாள். நான்கு வார்த்தைகள் திரும்பி வந்தன. தா, போ, வேணாம், தம்பியின் செல்லப் பெயர். என் பெயர் இன்னும் வரவில்லை. என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் கட்டில் சட்டத்தைத் தட்டுவாள்.

ஊசிக்காரி தொடரின் ஒரு சீசன் முடிவில் அவள் எல்லாவற்றையும் திருத்திவிட்டாள். திருத்தியதும் அவள் விட்டுவந்த காலம், அதிலிருந்த ஜனங்கள், அவளுக்குத் தங்க இடம் கொடுத்துச் சோறு போட்ட ஒரு கிழவி உட்பட, அப்படியே புகையாகக் கரைந்து போனார்கள். கெட்டுப்போன காலம், அழிந்தால் நல்லதுதானே. பின்னணியில் வயலின். தம்பி கை தட்டினான். நான் அம்மாவுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்தேன். அந்தக் கிழவிக்காக ஒருத்தரும் அழவில்லை. இவன் நினைப்பில் இந்தக் கட்டிலில் கிடப்பவளும் அப்படித்தானே, அழித்துவிட்டு வேறு எழுத வேண்டிய அம்மா. இரண்டு வருஷமாக மலம் அள்ளி, முதுகில் பவுடர் போட்டுப் புண் வராமல் காத்து, மாத்திரைத் திருட்டைப் பிடித்து நான் வைத்திருக்கிற அம்மாவை இவன் ஒரு பட்டனில் கரைத்துவிடத் தயார். அன்றைக்கு எனக்கு அவனைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கஞ்சியை அவன் கையில் திணித்து, நீயே ஊட்டு என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டேன்.

இப்படியே போயிருக்கும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கிடங்குக் கதவுத் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒருவன் ஒரே நாளுக்கு ஐந்தாவது முறையாகத் திரும்பிப் போகிறான். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்றை மாற்றிப் பார்க்கிறான், அவனுடைய அம்மா ஒவ்வொரு முறையும் சாகிறாள். தம்பி அழுதுகொண்டிருந்தான். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. எனக்கு இரக்கம் வரவில்லை. நான் அழாத அழுகையை இவன் உட்கார்ந்து டிவிக்கு முன்னால் அழுகிறான் என்றுதான் வந்தது. போய் ஸ்விட்சை அணைத்தேன்.

"சொல்லிடு," என்றேன். "ரெண்டு வருஷமா இதைப் போட்டுக் காட்டினு இருக்கியே. நான்தான் அம்மாவ இப்படிப் படுக்கப் போட்டேன்னு உன் வாயால சொல்லிடுடா."

அவன் என்னைப் பார்க்காமல் கறுத்துப்போன டிவியையே பார்த்தான். உன்னைச் சொல்லவே இல்லையே அக்கா என்றான். அப்புறம் யாரைச் சொல்கிறாய் என்று கேட்டேன். அவன் ரிமோட்டைக் கீழே வைத்தான்.

"சனிக்கிழமை நாலு மணிக்கு அம்மா எனக்கு போன் பண்ணுச்சு. நீ ஸ்கூல்ல இருந்த. கை திரும்ப மரத்துப்போச்சு, இந்த வாட்டி ஜாஸ்தியா இருக்குதுன்னு சொல்லுச்சு. கூட்டம் கலைஞ்சிடுச்சு, ரோடு விட்டுட்டாங்க, ஒரு கார் பேசி அனுப்புடா, இன்னைக்கே போயிடறோம்னு கேட்டுச்சு. நான்தான், திங்கக்கிழமை போறீங்களே, அதுக்குள்ள என்ன ஆயிடப்போவுதுன்னேன். அக்காகிட்ட சொல்லாத, பயந்துக்குவான்னு சொல்லி வெச்சிட்டேன்."

அப்போது என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. அவன் சுவரில் இருந்த டிவியைக் கையால் காட்டினான். இதே தொடர், முதல் சீசன், கடைசி எபிசோடு, இன்னும் இருபது நிமிஷம் பாக்கியிருந்தது என்றான்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். மேலே வைத்திருந்த மூட்டையை யாரோ இறக்கிவைத்தது மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷம் ஒரு மூச்சு நேரம் இருந்திருக்கும். பிறகு வந்த கோபத்தை என்னால் எழுதவே முடியாது. அவன் போனை வைத்ததற்குக்கூட இல்லை. நானும் ஒரு போனில்தான் தேதியை மாற்றினேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்காதான் மாத்திட்டா என்று சொன்னபோது அவனுக்கு இது தெரியும். ஒவ்வொரு பந்தியிலும் நான் தலை குனிந்து சாப்பிட்டபோது தெரியும். எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து தெரிந்துகொண்டே இருந்திருக்கிறான்.

அம்மா இடது கையால் கட்டிலைத் தட்டினாள். வேணாம், வேணாம் என்றாள். அவள் தம்பியைப் பார்த்துத்தான் சொன்னாள், சொல்லாதே என்று. அப்படியானால் அவளுக்கும் இது மறந்துபோகவில்லை. பேச்சு போய்விட்டதால்தான் என்னிடம் சொல்லவில்லை என்று நம்ப எனக்கு ஆசையாக இருக்கிறது. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது பேச்சு இருந்தது. எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். கை எப்படி இருக்கிறது என்று நான் கேட்டதற்கு நல்லாத்தான் இருக்குது என்றாள். தம்பி சொல்லாதே என்றால் அவளுக்கு அது போதும்.

தம்பி என் காலில் விழப்போனான். நான் நகர்ந்துகொண்டேன். எனக்கு இதெல்லாம் வேண்டாம் என்றேன். ஒன்றே ஒன்று வேண்டும். அடுத்த மாதம் கீழ்பென்னாத்தூரில் அத்தையின் பேத்திக்குக் காதுகுத்து. எல்லோரும் வருவார்கள். அங்கே, எல்லோரும் கேட்க, இதை அத்தையிடம் நீ சொல்லணும் என்றேன். சொல்கிறேன் என்றான். அந்த மாதம் முழுக்க டிவி ஓடவில்லை. அவன் வந்தான், அம்மாவுக்குக் கால் பிடித்தான், போனான். நான் அவனோடு பேசவில்லை. காதுகுத்து நாளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு என் வாழ்க்கையே வேறாகிவிடும் என்று இருந்தேன். அந்தத் தொடர்க்காரர்களைக் கேலி செய்த நானும் அவர்களைப் போலவே ஒரு நாளை நம்பினேன்.

காரில் அம்மாவைக் கொண்டுபோனோம். பந்தலில் கடைசி மேஜைக்குப் பக்கத்தில் அவளுடைய சக்கர நாற்காலியைப் போட்டு, நான் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் உட்கார்ந்தோம். எதிரே சித்தப்பா குடும்பம், பெரியம்மா மகள்கள். குழந்தை காது குத்திய வலியில் உள்ளே கத்திக்கொண்டிருந்தது. அத்தை பந்தியை மேற்பார்த்துக்கொண்டே வந்தவள் அம்மாவின் கன்னத்தைத் தொட்டாள். எப்படி ஓடியாடின பொம்பள என்றாள். அப்புறம் என்னைப் பார்த்துவிட்டு, எதிர்பார்த்தது போலவே, அன்னைக்கே கூட்டினு போயிருந்தா என்றாள்.

தம்பி இலையிலிருந்து கையை எடுத்தான். அத்தை, ஒரு நிமிஷம் என்றான். சொன்னான். ஒன்றையும் விடவில்லை, நாலு மணி, கை மரத்துப்போனது, கார் கேட்டது, அக்காவிடம் மறைக்கச் சொன்னது, டிவி பார்த்துக்கொண்டிருந்தது வரை. அம்மா வேணாம் என்று இரண்டு தடவை சொன்னாள், அவன் நிறுத்தவில்லை. எதிர் மேஜையில் ஒருவரும் சாப்பிடவில்லை. அந்த அரை நிமிஷம் என் தம்பியை எனக்குப் பிடித்திருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

அத்தை அவன் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

"இதையா மனசுல வெச்சிக்கினு இருந்த கண்ணு? நீ எங்கயோ மெட்ராஸ்ல இருந்த, போன்ல சொன்னா உனக்கு என்ன தெரியும்? நடந்தது நடந்துபோச்சு. விடு. சாப்பிடு."

சித்தப்பா ஆமாம் ஆமாம் என்றார். பெரியம்மா மகள் அவன் இலையில் வடையை எடுத்து வைத்தாள். எல்லோரும் மறுபடி சாப்பிட ஆரம்பித்தார்கள். இரண்டு வருஷத்தில் எனக்கு ஒருத்தர்கூட நடந்தது நடந்துபோச்சு என்று சொன்னதில்லை. அவனுக்கு அது கிடைக்க, இலையிலிருந்த சோறு ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

தம்பி அத்தையின் கையை விலக்கினான். அவன் முகம் செத்துப்போயிருந்தது. "அப்போ அக்காகிட்டயும் அதையே சொல்லுங்க அத்தை," என்றான்.

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை, தெரிந்த விஷயத்தைச் சொல்கிற குரல்.

"அவ கதை வேற கண்ணு. அவ கூடவே இருந்தாளே."

சொல்லிவிட்டு, ரசம் இந்தப் பக்கம் வரவில்லை என்று யாரையோ கூப்பிட்டுக்கொண்டு போனாள். ஆமாம், கூடவேதான் இருந்தேன் என்று நான் சொன்னது அவளுக்குக் கேட்டிருக்காது. அம்மா வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள். பருப்புச் சோற்றை இன்னும் கொஞ்சம் குழைத்து ஊட்டினேன்.